14 இரவு, 5 படுக்கை: ஜப்பானில் மாமியாரோடு தங்கிய கணக்கு

"கண்ணு, பெட்டியைத் திறந்தா பாத்ரூம் கதவு திறக்க மாட்டேங்குது. பாத்ரூம் போகணும்னா பெட்டியை மூட வேண்டியிருக்குது. இந்த ரூமுக்கா இத்தனை காசு குடுத்தே?"

டோக்கியோவில் இறங்கிய முதல் ராத்திரி அத்தை கேட்டது இது. 72 வயதுக்காரர் கேட்ட நியாயமான கேள்வி. ஆறு மாதம் உட்கார்ந்து, எக்செல் தாளில் வரிசை போட்டு, ரத்து செய்தால் பணம் திரும்பி வருகிற அறைகளாகப் பொறுக்கி நான் பிடித்த அறை அது. மொத்தமே 13 சதுர மீட்டர். கோவையில் எங்கள் வீட்டுச் சமையலறை இதைவிடத் தாராளமாக இருக்கும்.

நான் ஒரு நூற்பாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எதைப் பார்த்தாலும் ரூபாயாக மாற்றிப் பார்க்கிற வியாதி உண்டு. 100 யென்னுக்கு 57, 58 ரூபாய் என்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. 2025 நவம்பர் 23 முதல் டிசம்பர் 7 காலை வரை நான், வீட்டுக்காரர், அத்தை என மூன்று பேர் போய் வந்தோம். டோக்கியோவில் 4 இரவு, கனசாவாவில் 2, கியோத்தோவுக்குப் பக்கத்து ஊரான ஒத்சுவில் 4, கோயா மலையில் 1, ஒசாக்காவில் 3. மூவருமே சைவம். அத்தைக்கு முட்டி வலி. இவருக்குக் குறட்டை. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டுதான் எங்கே தங்குவது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது.

என் தீர்மானம் இதுதான்: நகரத்தில் கையை இறுக்கிப் பிடிப்பது, மிச்சப்பட்டதை மலையில் ஒரே ராத்திரியில் அவிழ்த்துவிடுவது. அது எங்கே பலித்தது, எங்கே பல்லைக் காட்டியது என்று சொல்கிறேன்.

டோக்கியோவில் ஷின்ஜுகு, ஷிபுயா என்று எல்லோரும் சொல்கிற இடங்களை முதலிலேயே அடித்துவிட்டேன். ஷின்ஜுகு ரயில் நிலையத்துக்கு வாசல்களே 200-க்கு மேல் என்கிறார்கள். முட்டி வலிக்காரரைக் கூட்டிக்கொண்டு அதற்குள் வழி தேடுவது ஆகாத காரியம். நாங்கள் எடுத்தது உவேனோவுக்கும் ஒக்காச்சிமாச்சிக்கும் நடுவில். நரித்தா விமான நிலையத்திலிருந்து ஸ்கைலைனர் ரயில் முக்கால் மணி நேரத்துக்குள் உவேனோவில் விட்டுவிடும். நகரைச் சுற்றிவருகிற யாமனோத்தே ரயில் அங்கேயே ஓடுகிறது. கனசாவா போகிற புல்லட் ரயிலையும் அங்கேயே பிடிக்கலாம். முக்கியமான காரணம் இன்னொன்று. ஒக்காச்சிமாச்சி நகைக்கடைப் பகுதி. கல் வியாபாரம் செய்யும் வட இந்தியர்கள் அங்கே நிறைய. அவர்களை ஒட்டிச் சைவ உணவகங்களும் வந்திருக்கின்றன. மூன்றாம் நாள் அத்தைக்கு நெய் தோசை வாங்கிக் கொடுத்தேன். தோசையைவிட, வாசலில் செருப்புப் போட்டு நின்ற ஜெய்ப்பூர்க்காரர் ஒருவர் "நமஸ்தே மாதாஜி" என்று கும்பிட்டதில்தான் அவருக்குத் தெம்பு வந்தது.

அறை எடுக்கும்போது "நிலையத்திலிருந்து நடந்தால் 5 நிமிடம்" என்று போட்டிருப்பதை நம்புவதற்கு முன்னால் ஒரு கணக்கு. ஜப்பானில் வீட்டு விளம்பரங்களுக்கு நிமிடத்துக்கு 80 மீட்டர் என்பது விதி. விடுதிக்காரர்களும் ஏறக்குறைய அந்த வேகத்தில்தான் எழுதுகிறார்கள். அதுவும் விடுதிக்கு ஆகப் பக்கத்தில் இருக்கிற வாசலிலிருந்து. அந்த வாசலில் லிப்ட் இருக்கிறதா என்பதை யாரும் எழுதுவதில்லை. எங்களுக்குப் பக்கத்து வாசலில் 41 படி, லிப்ட் கிடையாது. லிப்ட் இருந்த வாசல் சாலைக்கு அந்தப் பக்கம். 5 நிமிடம் என்றது எங்களுக்கு 14 நிமிடம் ஆனது. இதற்குப் பிறகு எந்த ஊரிலும் விடுதியை முதலில் பார்க்கவில்லை. வரைபடத்தில் லிப்ட் உள்ள வாசலைக் கண்டுபிடித்து, அங்கிருந்து விடுதியைத் தேடினேன்.

அந்த மாதிரி விடுதிகளுக்கு அங்கே பிசினஸ் ஹோட்டல் என்று பெயர். வேலையாக ஊர் ஊராகப் போகிறவர்களுக்காகக் கட்டியது. இதில் பெயர் பெற்ற தோயோக்கோ இன், 1986-இல் டோக்கியோவின் கமாத்தா பகுதியில் ஒரே கட்டடமாகத் தொடங்கியதாம். இப்போது பெரிய நிலையம் எதிலிருந்து வெளியே வந்தாலும் அதன் பெயர்ப்பலகை கண்ணில் படுகிறது. இந்த வகை விடுதிகளில் ஆடம்பரம் எதுவும் கிடையாது. ஆனால் இருப்பது எல்லாம் வேலை செய்யும். போர்வையில் சுருக்கம் இல்லை. கெட்டில் உண்டு. இரவு உடை கொடுக்கிறார்கள். துணி துவைக்கிற இயந்திரம் கீழ்த்தளத்தில் இருக்கும், சில நூறு யென் நாணயம் போட்டால் துவைத்து உலர்த்திக் கொடுத்துவிடும். மூன்று செட் துணியோடு 14 நாள் ஓட்டினோம்.

விலை விஷயத்தில் நம் ஊர்ப் பழக்கம் அங்கே உதவாது. நாம் அறைக்கு வாடகை கேட்போம், அவர்கள் தலைக்கு வாங்குகிறார்கள். அதே அறையில் ஒருவர் படுத்தால் ஒரு விலை, இருவர் படுத்தால் இன்னொன்று. மூன்று பேருக்கான அறை அபூர்வம். அதனால் எனக்கும் அத்தைக்கும் இரட்டைக் கட்டில் அறை ஒன்று, இவருக்குத் தனி அறை ஒன்று. குறட்டைப் பிரச்சினை 25 வருஷத்தில் முதல்முறையாகத் தீர்ந்தது. செமி டபுள் என்று ஒரு வகை காட்டும், இருவர் தங்கலாம் என்றும் போட்டிருக்கும். அந்தக் கட்டிலின் அகலம் பெரும்பாலும் 120 சென்டிமீட்டர். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் எடுக்கட்டும்.

நாங்கள் போய் இறங்கிய ஞாயிற்றுக்கிழமை, நவம்பர் 23, அவர்களுக்கு விடுமுறை நாள். ஞாயிறில் விழுந்ததால் திங்களும் விடுமுறை. அது தெரியாமல் விமான டிக்கெட் போட்டுவிட்டேன். முதல் ராத்திரிக்கு மட்டும் மற்ற மூன்று ராத்திரிகளைப்போல் ஒன்றரை மடங்கு வாங்கினார்கள். விடுமுறைக்கு முந்தின இரவும் சனிக்கிழமை இரவும் அங்கே எப்போதும் விலை ஏறும். நாட்காட்டியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

அத்தைக்கு டோக்கியோ அறையில் சிரமம் கொடுத்தது குளியலறைதான். ஒரே அச்சில் வார்த்த பிளாஸ்டிக் பெட்டி மாதிரி இருக்கும். உள்ளே ஏற ஒரு சாண் உயரத்துக்குப் படி. தொட்டியின் விளிம்போ முழங்காலுக்கு மேல். அதைத் தாண்டிக் காலை வைத்து, உள்ளே நின்று, திரையை இழுத்துவிட்டுக் குளிக்க வேண்டும். நான் தோளைக் கொடுத்து அவரை இறக்கி, ஏற்றி, ஒவ்வொரு நாளும் அது ஒரு சடங்காகிவிட்டது. "ஒரு வாளியும் சொம்பும் வெச்சிருந்தா போதுமே, இத்தனை பெரிய நாட்டுல இல்லையா?" என்பார். இருந்தது. ஆனால் அதற்குக் கோயா மலைவரை போக வேண்டியிருந்தது.

கனசாவா போவதற்கு முன் பெட்டிகளை என்ன செய்வது என்று ஒரு கேள்வி வந்தது. ஜப்பானில் எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான். கறுப்புப் பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு போகிற படம் போட்ட யாமாத்தோ நிறுவனத்தின் வண்டியை எல்லாத் தெருவிலும் பார்க்கலாம். 1976-இலிருந்து வீட்டுக்கு வீடு பார்சல் கொண்டுபோகிறார்கள். விடுதி ரிசப்ஷனில் பெட்டியைக் கொடுத்து, அடுத்த விடுதியின் பெயர், தங்கப் போகிற தேதி, யார் பெயரில் பதிவு என்று எழுதிவிட்டால் மறுநாளோ மறுநாளைக்கு அடுத்த நாளோ அங்கே போய் உட்கார்ந்திருக்கும். பெரிய பெட்டி ஒன்றுக்கு எங்களுக்கு 2,500 யென்னுக்குக் கொஞ்சம் மேலே ஆனது. புல்லட் ரயிலில் மூன்று பெட்டியோடு ஏறி இறங்கிப் பாருங்கள், அந்தக் காசு பெரிதாகத் தெரியாது. அதிலும் உவேனோவில் புல்லட் ரயில் நிற்பது தரைக்குக் கீழே நாலாவது அடுக்கில்.

ஆனால் கனசாவாவில் நாங்கள் எடுத்தது விடுதி இல்லை, ஒரு பழைய மரவீடு. அங்கே ரிசப்ஷன் கிடையாது. ஆள் இல்லாத வீட்டுக்குப் பெட்டியை அனுப்ப முடியாது. அதனால் பெட்டிகளை டோக்கியோவிலிருந்து நேராக ஒத்சு விடுதிக்கு அனுப்பினோம். முன்கூட்டியே ஒரு வரி எழுதிக் கேட்டதில், 29-ஆம் தேதிவரை வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். கையில் ஆளுக்கு ஒரு துணிப்பையோடு கனசாவா போனோம்.

வீடு எடுத்ததற்குக் காரணம் சமையலறை. நாலு நாள் வெளிச்சாப்பாட்டுக்குப் பிறகு அத்தைக்கு ரசம் வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, ரசப்பொடி எல்லாம் கொண்டுபோயிருந்தோம். ஜப்பானில் சைவம் என்று சொன்னால் இறைச்சி மட்டும் இல்லாமல் தருவார்கள். சாற்றில், சாஸில், தொட்டுக்கொள்ளும் ரசத்தில் எல்லாம் மீன் சீவலைக் கொதிக்கவைத்து எடுத்த தாஷி இருக்கும். மிசோ சூப்பும் பெரும்பாலும் அப்படித்தான். விடுதிகளின் இலவசக் காலை உணவில் சோற்றுருண்டை, ரொட்டி, காய், பழம் என்று பொறுக்கித்தான் சாப்பிட்டோம்.

கனசாவாவில் ஒரு பழமொழி உண்டாம்: சோற்று மூட்டையை மறந்தாலும் குடையை மறக்காதே. நாங்கள் இரண்டில் சோற்று மூட்டையை மட்டும் கொண்டுபோயிருந்தோம். நிலையத்திலிருந்து டாக்சியில் போய் இறங்கினால் இடியும் மழையும். வீட்டு வாசலில் எண் போட்டுத் திறக்கிற சாவிப்பெட்டி. எண் கைப்பேசிக்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை. வெளிநாட்டுப் பயணிகள் தங்கினால் பாஸ்போர்ட் பிரதி வாங்கி வைக்க வேண்டும் என்பது அங்கே விதி. விடுதிகளில் ரிசப்ஷனிலேயே பிரதி எடுத்துக்கொள்வார்கள். இங்கே நாமே படம் எடுத்து அனுப்ப வேண்டும். மூன்றில் அத்தையின் படம் மங்கலாக இருந்ததால், அனுமதி நிலுவையில் கிடந்தது. அதை ஒரு வரி எழுதிச் சொல்லவில்லை வீட்டை வாடகைக்கு விட்டவர். கூப்பிடலாம் என்றால் எங்கள் சிம்மில் இணையம் மட்டும்தான், பேச முடியாது. கடைசியில் இவர் நனைந்துகொண்டே முக்குக் கடைக்குப் போய், அங்கே கல்லாவில் இருந்த பையனிடம் கைப்பேசித் திரையைக் காட்டி, அவன் கடை போனிலிருந்து பேசி, எண் வாங்கிக் கொடுத்தான். 40 நிமிடம். அத்தை எதிர்வீட்டுத் தாழ்வாரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

உள்ளே போன பிறகு நிலைமை மாறியது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பதிலேயே அத்தைக்குப் பாதிக் கோபம் இறங்கிவிட்டது. "செருப்பைக் கழட்டச் சொல்றவங்க தப்பானவங்களா இருக்க மாட்டாங்க" என்றார். அப்புறம் அறைக்குள் போய்க் குனிந்து தரையைத் தடவினார். தாத்தாமி. இகுசா என்கிற கோரை மாதிரிப் புல்லை நெய்து மேலே போர்த்திய தடித்த பாய். விரலால் அமுக்கிப் பார்த்தார், உள்ளங்கையை மோந்து பார்த்தார். "நம்ம கோரப்பாய் வாசம் கண்ணு. புதுப் பாய் வாங்கிட்டு வந்த அன்னிக்கி வீடெல்லாம் இப்படித்தான் மணக்கும்."

படுக்கை அறைகள் மாடியில். ஏணியை நிமிர்த்தி வைத்த மாதிரி செங்குத்தாக ஒரு படிக்கட்டு. முட்டிக்காரருக்குக் கீழேயே மெத்தை விரித்தோம். ஊரில் இன்றைக்கும் பாயில்தான் படுக்கிறார் என்பதால் ஒரே மூச்சில் தூங்கி, விடியற்காலையில் கையை ஊன்றி, பக்கவாட்டில் திரும்பி, எழுந்துவிட்டார். எழுந்திருக்க முடியாமல் போனது இவருக்குத்தான். இரண்டு நாளும் காலையில் நான் மேலே போய்க் கையைப் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. 48 வயது. தரையில் படுப்பதா வேண்டாமா என்பதை வயதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ஓமிச்சோ சந்தையில் தாமரைக் கிழங்கு வாங்கினோம். அந்த வட்டாரத்துக் கிழங்குக்குப் பேர் அதிகம். அத்தை வட்டம் வட்டமாக நறுக்கி வறுத்து, ரசம் வைத்தார். தாளிக்கும்போது மட்டும் ஜன்னலைத் திறந்து வைத்து, புகை உணரும் கருவியையே பார்த்துக்கொண்டு நின்றேன். குப்பையை எரியும் குப்பை, எரியாத குப்பை, பிளாஸ்டிக், பாட்டில் என்று பிரிக்கச் சொல்லி பிரிட்ஜ் கதவில் ஒரு பெரிய அட்டை. ரசத்துக்குப் பிழிந்த புளிச்சக்கை எதில் சேரும் என்று அரை மணி நேரம் யோசித்தேன். வீடு எடுப்பது நல்லதுதான், சமைக்கிறவர்களுக்கு. ஆனால் ஊருக்குள் நுழைகிற முதல் விடுதியாக வீட்டை வைக்காதீர்கள். ஏதாவது தவறிப்போனால் கேட்க ஆள் இருக்க மாட்டார்கள்.

கியோத்தோவுக்கு வருவோம். நவம்பர் கடைசி வாரம், மேப்பிள் இலை சிவக்கிற நேரம். நவம்பர் 29 சனிக்கிழமை. கியோத்தோ நிலையத்துக்குப் பக்கத்தில் இரட்டைக் கட்டில் அறைக்கு 41,000 யென் காட்டியது. அத்தையின் மாதப் பென்ஷன் அது. மேலே நகராட்சியின் தங்கல் வரி வேறு. அப்போது தலைக்கு 20,000 யென்னுக்குக் குறைந்த வாடகைக்கு ஆளுக்கு, இரவுக்கு 200 யென்தான். 2026 மார்ச்சிலிருந்து ஏற்றிவிட்டார்கள், ஆக உயர்ந்த படியில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 10,000 யென். அது தலைக்கு ஒரு லட்சம் யென் கொடுத்துத் தங்குகிறவர்களுக்கு, நமக்கில்லை.

நாங்கள் தங்கியது ஒத்சுவில். கியோத்தோவிலிருந்து கிழக்கே ரயிலில் இரண்டே நிறுத்தம், பத்து நிமிடம். அடுத்த மாவட்டத்தின் தலைநகர். 667-இல் தென்ஜி பேரரசர் கொஞ்ச காலம் நாட்டுக்கே தலைநகராக வைத்திருந்த ஊர். இப்போது ராத்திரி எட்டு மணிக்குக் கடைத்தெரு உறங்கிவிடுகிறது. ஜப்பானிலேயே பெரிய ஏரியான பிவா ஏரி ஊரை ஒட்டிக் கிடக்கிறது. எங்கள் அறை 9-ஆவது மாடி, ஜன்னலில் ஏரி. வாடகை 14,000 யென். கியோத்தோ விலையில் மூன்றில் ஒரு பங்கு.

பலரும் ஒத்சு தூரம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் இலையுதிர் காலத்தில் கியோத்தோவுக்குள் தங்கியவர்கள்தான் எங்களைவிட நேரம் இழந்தார்கள். அந்த ஊர் பேருந்தை நம்பி நடக்கிறது. அந்த வாரம் பேருந்துக்குள் ஏறவே வரிசை. நாங்கள் காலையில் ஒத்சுவில் ஏறி அடுத்த நிறுத்தமான யாமாஷினாவில் இறங்கி, சுரங்க ரயிலில் மாறி, கேஆகே என்ற நிலையத்தில் இறங்கி மேலே வந்தால் நான்சென்ஜி கோயில் நடை தூரம். பேருந்தின் முகத்தையே பார்க்கவில்லை. தோஃபுக்குஜி, ஃபுஷிமி இனாரி கோயில்கள் இரண்டுக்கும் கியோத்தோ நிலையத்திலிருந்து தெற்கே ஒன்று, இரண்டு நிறுத்தம். சாயந்திரம் ஆறு மணிக்கு அத்தை ஏரியைப் பார்த்துக்கொண்டு டீ குடிப்பார். நாலு இரவும் ஒரு குறையும் இல்லை. குறை இல்லாத இடத்தைப் பற்றி எழுத அதிகம் இருக்காது போலிருக்கிறது. ராத்திரி வாழ்க்கை, கெய்ஷா தெரு, பார் என்று வேண்டுகிறவர்கள் ஒத்சுவுக்குப் போக வேண்டாம். கியோத்தோவின் கியோன் பக்கமே தங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது கோயா மலை. நான் காசை அவிழ்த்த இடம்.

முதலில் வெந்நீர் ஊற்று உள்ள ரியோக்கான் என்கிற பாரம்பரிய விடுதி ஒன்றுக்குத்தான் எழுதினேன். மீன் சாறு சேர்க்காமல் சமைக்க முடியுமா என்று கேட்டேன். எங்கள் சமையலின் அடிப்படையே அதுதான், உங்களை ஏமாற்ற விருப்பமில்லை, மன்னியுங்கள் என்று பதில் வந்தது. அந்தப் பதிலுக்கே ஐந்து நட்சத்திரம் கொடுக்கலாம். சரியென்று தலைக்குச் சாப்பாடில்லாத திட்டமாகப் போடலாமா என்று யோசித்தபோதுதான் கோயில் விடுதி நினைவுக்கு வந்தது.

கோயா மலை, 816-இல் கூக்காய் என்ற துறவி தொடங்கிய தலம். சிங்கோன் பௌத்தத்தின் தலைமை இடம். மேலே 117 கோயில்கள், அதில் ஐம்பது சொச்சத்தில் வெளியார் தங்கலாம். ஷுக்குபோ என்பார்கள். ஒசாக்காவின் நம்பா நிலையத்திலிருந்து நான்காய் ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் மலையடி, அங்கிருந்து ஐந்து நிமிடம் செங்குத்தாக ஏறும் கேபிள் ரயில், பிறகு பேருந்து. பெட்டிகளை ஒத்சுவிலிருந்து ஒசாக்கா விடுதிக்குப் பூனை வண்டியில் அனுப்பிவிட்டோம்.

பேருந்து ஊருக்குள் நுழைகிற இடத்தில் பெண்கள் மண்டபம் என்று ஒரு சின்னக் கோயில். 1872-இல் அரசாணை வரும்வரை மலைக்குள் பெண்களுக்கு அனுமதி கிடையாது. வந்தவர்கள் அங்கேயே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அத்தையிடம் சொன்னேன். ஜன்னல் வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

நாங்கள் போனது டிசம்பர் 3, புதன்கிழமை. அன்றைக்குத்தான் கார்த்திகை தீபம். தேதி போடும்போது நான் கவனிக்கவில்லை, அத்தை கவனித்திருந்தார். ஒரு அகலும் திரியும் பையில் இருந்தது. மர வீடு, காகிதக் கதவு, தீ வைக்கக் கூடாது என்று எச்சரித்து வைத்திருந்தேன். பைகளைத் தங்கும் கோயிலில் போட்டுவிட்டு மதியமே ஒக்குனோயின் போனோம். இரண்டு லட்சத்துக்கு மேல் கல்லறைகள், நடுவே வானம் தெரியாமல் நிற்கிற செடார் என்கிற ஊசியிலை மரங்கள். வழியின் முடிவில் கூக்காய் 835-இலிருந்து தியானத்திலேயே இருக்கிறார் என்பது நம்பிக்கை. இன்றைக்கும் நாளுக்கு இரண்டு வேளை உணவு கொண்டுபோய் வைக்கிறார்கள். "ஜீவ சமாதின்னு சொல்லு" என்று அத்தை ஒரே சொல்லில் முடித்துவிட்டார். சமாதிக்கு முன்னால் விளக்கு மண்டபம். பத்தாயிரத்துக்கு மேல் விளக்குகள் தொங்குகின்றன. அதில் சில விளக்குகள் ஓராயிரம் வருஷமாக அணையாமல் எரிகின்றன என்கிறார்கள். அத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நின்றார். அகலைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

கோயில் விடுதியில் நாலு மணிக்குக் குளியல். பொதுக் குளியலறை, பெண்களுக்குத் தனி. துணியில்லாமல்தான் இறங்க வேண்டும். அதனால் யாரும் வருவதற்கு முன்னால் போனோம். உள்ளே முழங்கால் உயர முக்காலி, பக்கத்தில் மரவாளி, சுவரில் குழாய். உட்கார்ந்து, வாளியில் பிடித்து, மொண்டு ஊற்றி, தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் சுடுநீர்த் தொட்டியில் இறங்க வேண்டும். அத்தை முக்காலியில் உட்கார்ந்தார், வாளியைக் கையில் எடுத்தார். பத்து நாளாக அந்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஏறி இறங்கியவர். முக்கால் மணி நேரம் வெளியே வரவில்லை. முட்டி வலியும் அன்றைக்குக் குறைந்ததாகச் சொன்னார். நான் எதுவும் சொல்லவில்லை.

ஐந்தரைக்கே சாப்பாடு. பசிக்குமா என்று கவலைப்பட வேண்டாம், அந்தக் குளிரில் பசிக்கும். தரையில் உட்கார்ந்து, ஆளுக்கு இரண்டு சின்னப் பலகை. ஷோஜின் சமையல்: இறைச்சி, மீன் கிடையாது, வெங்காயம், பூண்டும் கிடையாது. சாறு கடற்பாசியிலும் காளானிலும் எடுப்பது. எள்ளை அரைத்து மாவுக்கூழோடு கிண்டி ஆறவைத்த எள் தோஃபு வாயில் வைத்ததும் கரைகிறது. மலையின் பேரிலேயே இருக்கிற கோயா தோஃபு, உறையவைத்து உலர்த்தியது, சாற்றை உறிஞ்சிப் பஞ்சு மாதிரி. உப்பும் காரமும் நம் நாக்குக்குக் குறைவுதான், இவர் பருப்புப் பொடியைத் தேடினார், நான் முறைத்தேன். பரிமாறிய இளம் துறவியிடம் ஒன்றையும் விசாரிக்காமல் வாயில் வைத்த ஒரே சாப்பாடு அந்தப் பயணத்தில் இதுதான்.

குறைகளும் உண்டு. அறைகளுக்கு நடுவே சுவர் இல்லை, நகர்த்தும் காகிதக் கதவு. பக்கத்து அறையில் இருந்த ஐரோப்பியத் தம்பதிக்கு இவருடைய குறட்டை முழுவதும் கேட்டிருக்கும், காலையில் எங்களைப் பார்க்கவே இல்லை. கழிப்பறை நடைபாதையின் கோடியில். ராத்திரி இரண்டு மணிக்கு அத்தையோடு அந்தப் பனி மாதிரி மரத்தரையில் நடந்தது மறக்காது. அறைக்குள் ஹீட்டர் உண்டு, நடைபாதைக்கு இல்லை. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி கொண்டுபோங்கள். கதவு ஒன்பது மணிக்குச் சாத்திவிடுவார்கள். ஆளுக்கு 16,500 யென், இரண்டு வேளைச் சாப்பாடும் சேர்த்து. மூவருக்கும் சேர்ந்து கிட்டத்தட்ட 28,500 ரூபாய், ஒரே ராத்திரிக்கு. எனக்கு எழுதும்போதுகூடக் கை கூசுகிறது. ஆனாலும் மறுபடி கொடுப்பேன்.

காலை ஆறரைக்கு வழிபாடு. அது முடிந்து பக்கத்து மண்டபத்தில் கோமா. பெயரைக் கேட்டதும் தெரியவில்லை. குண்டத்தில் சமித்து அடுக்கி, எண்ணெய் ஊற்றி, மந்திரம் சொல்லி, தீ எழும்பி முரசு அதிர்ந்தபோதுதான் உறைத்தது. ஹோமம்தான் இங்கே கோமா ஆகியிருக்கிறது. மந்திரம் என்ன மொழியென்று இவர் காதோரம் கேட்டார். சமஸ்கிருதம், ஜப்பானிய நாக்கில். அத்தை அதற்குள் கண்ணை மூடிக் கைகூப்பியாகிவிட்டது. அறைக்குத் திரும்பினால், மெத்தையை எடுத்து வைக்க வந்த துறவி வாசலில் திகைத்து நின்றார். அத்தை விடியற்காலையிலேயே எல்லா மெத்தையையும் சுருட்டி மூலையில் அடுக்கி, மேலே போர்வையை மடித்து வைத்திருந்தார்.

ஒசாக்காவுக்கு இறங்கினோம். கடைசி மூன்று இரவு நம்பாவில். அங்கிருந்தே கான்சாய் விமான நிலையத்துக்கு நேர் ரயில் இருக்கிறது. கடைசி ஊரில் விமான நிலைய ரயிலுக்குப் பக்கத்தில் தங்குவது என்பதில் நான் பிடிவாதம். இடம் சரிதான், அறையில் சறுக்கினேன். பதிவு செய்யும்போது இரண்டு அறைகள் ஒரே மாதிரி காட்டின. ஒன்றில் 1,200 யென் குறைவு. ஒன்று கின்என், மற்றது கிட்சுஎன் என்று எழுதியிருந்ததாம். முதலாவது புகைக்கக் கூடாத அறை, இரண்டாவது புகைக்கலாம். மொழிபெயர்ப்புச் செயலி இரண்டையும் வசதியான அறை என்றே காட்டியது. நான் மலிவானதைத் தட்டிவிட்டேன். கதவைத் திறந்ததும், கோயாவின் ஊதுபத்தி மணத்தோடு வந்த எங்கள் மூவரின் மூக்கிலும் பத்து வருஷச் சிகரெட் அடித்தது. மேஜைமேல் சாம்பல் கிண்ணம். மாற்றித் தரக் கேட்டேன். விடுதி நிறைந்துவிட்டது, தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார்கள், வாசனை நீக்கும் பம்ப் ஒன்றைக் கொடுத்தார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. மூன்றாவது நாள்தான் அறை மாறியது. இரட்டைக் கட்டில் அறையின் படத்தில் சாம்பல் கிண்ணம் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். என் கம்பளிச் சட்டையை ஊருக்கு வந்து இரண்டு தடவை துவைத்தாகிவிட்டது, மூன்றாவது தடவை மொட்டைமாடியில் காய்கிறது.